எஸ்டேட் வார்டுகளின் கிராமசபை அறிவிப்புகளையும் பயனாளிகள் பட்டியலையும் தமிழிலும் வழங்கக் கோரி மனு

அனுப்புநர்:
தேவிகுளம் தாலுகா எஸ்டேட் வார்டுகளில் வசிக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள், ஓய்வுபெற்ற தொழிலாளர்கள்,
இடுக்கி மாவட்டம், கேரளம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், பைனாவு, இடுக்கி மாவட்டம்.

பொருள்: எஸ்டேட் வார்டுகளில் கிராமசபை நடவடிக்கைகளையும் வீட்டுத் திட்டக் கடிதங்களையும் மலையாளத்துடன் தமிழிலும் வழங்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேவிகுளம் தாலுகாவின் தேயிலைத் தோட்டங்களில், லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் குடியிருந்து வேலை செய்துவரும் தமிழ்க் குடும்பத்தினராகிய நாங்கள் இந்த மனுவைத் தங்கள் மேலான கவனத்துக்குச் சமர்ப்பிக்கிறோம். எங்கள் வார்டுகளில் கிராமசபை கூடுவதற்கான அறிவிப்பும், அங்கே ஒப்புதலுக்கு வைக்கப்படும் பயனாளிகள் பட்டியலும், அதையொட்டி ஊராட்சியிலிருந்து வீட்டுக்கு வரும் கடிதங்களும் மலையாளத்தில் மட்டுமே இருக்கின்றன. இவை தமிழிலும் தரப்பட வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. படிக்க வசதியாக இருக்கும் என்பதற்காக மட்டும் இதை நாங்கள் கேட்கவில்லை. வேலையிலிருந்து ஓய்வுபெற்றவருக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை கிடைக்குமா கிடைக்காதா என்பது இந்தக் காகிதங்களில்தான் முடிவாகிறது.

லயம் கம்பெனிக்குச் சொந்தமானது. வேலை இருக்கும்வரை வீடு இருக்கும். ஓய்வுபெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்த வீட்டை விட்டால் போக்கிடம் இல்லை என்பதற்காகவே, படித்த பிள்ளைகளில் ஒருவரைக் கொழுந்து எடுக்கவோ ஃபேக்டரி வேலைக்கோ அனுப்பி, அவர் பெயரில் வீட்டைத் தக்கவைத்துக்கொள்ளும் குடும்பங்கள் எங்களிடையே பல உண்டு. தாத்தா பாட்டி காலத்திலிருந்து இந்த மலையில் உழைத்தும் ஒரு சென்ட் நிலம் இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு, நிலமும் வீடும் இல்லாதவர்களுக்கான கேரள அரசின் லைஃப் வீட்டுத் திட்டம் ஒன்றுதான் நம்பிக்கை. அந்தத் திட்டத்தின் பட்டியலுக்குக் கிராமசபையின் ஒப்புதல் வேண்டும். விடுபட்டவர்கள் குறித்த காலத்துக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். காலம் தவறினால் அடுத்த பட்டியல் எப்போது வருமோ அப்போதுதான்.

எங்கள் வார்டில் ஓய்வுபெற்ற அம்மா ஒருவருக்கு நேர்ந்ததை இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது. அரசு இணையச் சேவைகளுக்கான அக்ஷயா மையத்தில் பிறர் உதவியுடன் அவர் வீட்டுக்கு விண்ணப்பித்திருந்தார். நிலமில்லை என்பதற்கான சான்றை வில்லேஜ் ஆபீஸில் வாங்கி, குறித்த தேதிக்குள் தர வேண்டும் என்று ஊராட்சியிலிருந்து அவருக்கு மலையாளத்தில் ஒரு கடிதம் வந்தது. ஏதோ பென்ஷன் காகிதம் என்று நினைத்த அவர், அதை பிஎஃப் சீட்டுகளோடு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்துவிட்டார். விடுமுறைக்கு வந்த பேரன் அதை எடுத்துப் படித்துச் சொன்னபோது தேதி கடந்திருந்தது. இடையில் கூடிய கிராமசபைக்கும் அவர் போயிருக்கிறார். பட்டியல் மலையாளத்தில் வேகமாக வாசிக்கப்பட்டது. தம் பெயர் நிராகரிக்கப்பட்டவர்களின் வரிசையில் வந்தது தெரியாமலேயே, வருகைப் பதிவேட்டில் தமிழில் கையெழுத்திட்டுவிட்டு அவர் வீடு திரும்பினார். அந்தப் பட்டியலை ஒப்புக்கொண்ட கூட்டத்தில் அவரும் கலந்துகொண்டதாகத்தான் இன்று ஆவணம் சொல்கிறது. ஊராட்சி ஊழியர்கள்மீது புகார் சொல்வதற்காக நாங்கள் இதை எழுதவில்லை. அவர்கள் தங்களுக்குத் தரப்பட்ட படிவத்தைத்தான் அனுப்பினார்கள்.

கேரள ஊராட்சி ராஜ் சட்டம் (1994), ஒவ்வொரு வார்டிலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கிராமசபை கூட வேண்டும் என்றும், வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கினர் அதில் கலந்துகொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. மக்கள் கேட்டு, விவாதித்து, ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. வாசிப்பது புரியாதவரின் தலையை எண்ணிக் கணக்கில் சேர்த்தால், எண்ணிக்கை நிறையுமே தவிர சபை கூடியதாக ஆகாது. போதாக்குறைக்கு, கூட்டம் வேலைநாளில் வைக்கப்பட்டால் கொழுந்து எடுக்கும் பெண்கள் அன்றைய கூலியை விட்டுவிட்டுத்தான் வர முடியும். எங்கள் தோட்டங்களில் அதிகம் வேலை செய்பவர்கள் பெண்கள். 2015-ஆம் ஆண்டு மூணாறில் போனஸுக்காகவும் கூலிக்காகவும் சாலையில் அமர்ந்து, தங்களுக்காகத் தாங்களே பேசியவர்களும் இந்தப் பெண்கள்தான். பேசத் தெரியாதவர்கள் என்று அவர்களை யாரும் சொல்ல முடியாது. கிராமசபையில் அவர்கள் வாய் திறக்காமல் இருப்பதற்கு மொழி ஒன்றே காரணம்.

நாங்கள் கேட்பது புதிய சலுகையும் அல்ல. கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969), தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் மாநில அரசுடனும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளிலுள்ள அரசு அலுவலகங்களுடனும் தங்கள் மொழியிலேயே கடிதத் தொடர்பு கொள்ள இடமளித்திருக்கிறது; பதிலும் அதே மொழியில் தரப்பட வேண்டும் என்கிறது. குறைகளைத் தீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்று அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு சொல்கிறது. தேர்தல் நேரத்தில் எல்லாக் கட்சிகளும் எங்கள் லயங்களுக்கு வந்து தமிழில் பேசுகின்றன. சுவரொட்டி தமிழில், நோட்டீஸ் தமிழில், வாக்குச் சீட்டிலும் தமிழ் உண்டு. 2021-இல் தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினர் பேரவையில் தமிழிலேயே உறுதிமொழி ஏற்றார். ஓட்டுப் போடும் நாள்வரை கூடவரும் தமிழ், ஓட்டின் பயன் வீட்டு வாசலுக்கு வரவேண்டிய நாளில் வருவதில்லை என்பதே எங்கள் மனக்குறை.

மலையாளத்தின்மீது எங்களுக்குச் சிறிதும் மாறுபாடு இல்லை. எங்கள் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள், படிக்கவும் வேண்டும். ஆனால் ஓய்வுபெறும் தலைமுறையினர் தமிழ்ப் பள்ளியில் சில வகுப்புகள் மட்டும் படித்துவிட்டு இளவயதிலேயே மலை ஏறியவர்கள். கடைத்தெருவில் மலையாளம் பேசிச் சமாளிக்கத் தெரிந்தாலும், அரசுக் கடிதத்தைப் படித்துப் பொருள் கொள்ள அவர்களால் முடியாது.

ஆகவே, எஸ்டேட் வார்டுகளில் கிராமசபை அறிவிப்பைத் தமிழிலும் அச்சிட்டு, தொழிலாளர்களின் வருகை பதியும் மஸ்டர் ஆபீஸ், ரேஷன் கடை, அங்கன்வாடி ஆகிய இடங்களில் ஒரு வாரம் முன்னதாகவே ஒட்ட ஆணையிடும்படி வேண்டுகிறோம். தோட்டத்தின் ஒவ்வொரு டிவிஷனிலும் (பிரிவிலும்) கோயில் மைக் செட் இருக்கிறது. திருவிழாவுக்கும் துக்கத்துக்கும் அதில்தான் ஊருக்குச் செய்தி சொல்கிறோம். அதிலேயே இந்த அறிவிப்பையும் சொல்வதற்கு வார்டு மெம்பரும் குடும்பஸ்ரீ அயல்கூட்டங்களும் (பெண்கள் சுயஉதவிக் குழுக்களும்) உதவுவார்கள். ஊராட்சிக்குச் செலவு ஏதும் இல்லை. கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமையில் வைக்க வேண்டும். பட்டியலில் சேர்க்கப்பட்டவர், நீக்கப்பட்டவர், நீக்கப்பட்ட காரணம், மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள் ஆகிய நான்கையும் தமிழில் வாசித்து, பலகையிலும் ஒட்ட வேண்டும். தனிநபருக்கு அனுப்பும் கடிதத்தில் குறைந்தது என்ன சான்று, எந்த அலுவலகம், எந்தத் தேதி என்ற விவரமாவது தமிழில் இருக்க வேண்டும்.

இவற்றில் எல்லாவற்றையும் உடனே செய்ய இயலாவிட்டால், கடைசி நாளையும் நீக்கப்பட்ட காரணத்தையும் தமிழில் தருவதை மட்டுமாவது முதலில் தொடங்கும்படி வேண்டுகிறோம். கடந்த பட்டியலில் மொழி புரியாமல் காலம் தவறவிட்ட ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் மேல்முறையீட்டை ஒருமுறை ஏற்றுப் பரிசீலிக்கவும் தாங்கள் ஆவன செய்ய வேண்டும். அந்த அம்மாவைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆவணங்களைத் திரட்டி, தாங்கள் குறிக்கும் நாளில் நேரில் கொண்டுவந்து ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கிறோம்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் லயங்கள்மேல் மலை சரிந்து 70 பேரை இழந்தோம், செய்தி வெளியே தெரியவே மறுநாள் காலையாகிவிட்டது. அந்தத் துயரத்துக்கு மொழி காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆயினும் மழைக்கால எச்சரிக்கைகளும், முகாமுக்கு மாறச் சொல்லும் அறிவிப்புகளும் மேலே சொன்ன அதே பலகைகளிலும் மைக்கிலும் தமிழில் வந்து சேரும்படி செய்தால், லயங்களில் இருக்கும் முதியவர்களும் உடனே புரிந்துகொள்வார்கள்.

இந்த மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையைத் தமிழில் எங்களுக்குத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
எஸ்டேட் வார்டு தொழிலாளர்கள், ஓய்வுபெற்ற தொழிலாளர்கள்,
தேவிகுளம் தாலுகா.

இணைப்பு: கையொப்பப் பட்டியல், ஓய்வுபெற்ற தொழிலாளர்களுக்கு வந்த கடிதங்களின் நகல்கள்.