மறுபடி வந்துருச்சு என்கிறாய்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி ஒன்றரை மணிக்குப் போன் பண்ணி, "அக்கா, மறுபடி வந்துருச்சு" என்றாய். மாத்திரையில் அடங்கியிருந்த உன் பதட்ட நோயைத்தான் சொன்னாய். அதற்குப் பிறகு ரொம்ப நேரம் உன் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். என் நெஞ்சிலிருந்தும் அது வந்திருக்கிறது. போனில் சொன்னது போக மிச்சத்தை எழுதுகிறேன். பெயர் போடாமல் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதட்டுமா என்று காலையில் கேட்டேன், சரி என்றாய். நம் வீடு மாதிரி எத்தனையோ வீடுகளில் இந்த மாத்திரை அட்டை பீரோவில் துணிக்கு அடியில்தான் இருக்கிறது.

நீ சொன்னதை நாள் வாரியாக அடுக்கிப் பார்த்தேன். எட்டு மாதம் பதட்டத்துக்கான எஸ்சிடலோப்ராம் மாத்திரை 10 மில்லிகிராம் சாப்பிட்டாய். தூக்கம் திரும்பியது, சாப்பாடு இறங்கியது, ஆபீசுக்கு மெட்ரோவில் போய்வந்தாய். வரன் பார்க்க ஆரம்பித்ததும் சித்தி, "நரம்பு மாத்திரை சாப்பிடுற பையன்னு தெரிஞ்சா யாரு பொண்ணு குடுப்பா" என்று அழுதிருக்கிறார்கள். மறுநாளே நிறுத்திவிட்டாய். மூன்றாம் நாள் தலைசுற்றல். கண்ணைச் சட்டென்று திருப்பினால் மண்டைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு. விடிய விடியக் கனவு. யார் பேசினாலும் எரிச்சல். இரண்டு வாரத்தில் அதெல்லாம் அடங்கி, ஒன்றரை மாதம் நன்றாகவே இருந்தாய். அப்புறம்தான் அந்தத் திங்கட்கிழமை. சின்னமலை தாண்டி ரயில் சுரங்கத்துக்குள் இறங்கும்போது நெஞ்சு படபடத்து, கை மரத்து, சைதாப்பேட்டையில் இறங்கி ஓடிவந்தாய்.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. நீ இரண்டையும் ஒன்றாகக் கட்டித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய்.

முதல் இரண்டு வாரம் உனக்கு வந்தது மருந்தை ஒரேயடியாக விட்டதால் வந்த கோளாறு. எஸ்சிடலோப்ராம் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 30 மணி நேரம் ஆகும். ஐந்தாறு நாளில் அனேகமாகக் காலி. எட்டு மாதம் அதற்குப் பழகிய மூளை திடீரென்று பிடி இல்லாமல் நிற்கிறது. அந்தக் கரண்ட் வெட்டு இருக்கிறதே, அது பதட்ட நோயின் குணம் இல்லை. அதனால்தான் டாக்டர்கள் அதைக் குறிப்பாக விசாரிப்பார்கள். நிறுத்திய சில நாளிலேயே வந்தால் அது பெரும்பாலும் மருந்து விட்ட கோளாறு. வாரங்கள் கழித்து, பழைய முகத்தோடேயே மெல்ல வந்தால் அது அனேகமாகப் பழைய நோய். எல்லோருக்கும் இப்படிக் கோடு போட்டுப் பிரியாது. சிலருக்கு விட்ட கோளாறே மாதக்கணக்கில் இழுக்கும், அதிலும் பதட்டம் வரும். ஆனால் உன் நாட்கணக்கைப் பார்த்தால் திங்கட்கிழமை வந்தது இரண்டாவது வகை என்றே எனக்குத் தோன்றுகிறது. டாக்டரிடம் போகும்போது இந்த நாட்கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. எனக்குத் திரும்பி வந்தபோது நான் என் டாக்டர் முன்னால் உட்கார்ந்து, "மறுபடி வந்துட்டு டாக்டர்" என்று அழுதபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "நிறுத்தி எத்தனை நாள் கழிச்சு?"

எனக்கு நான்கு மாதம் கழித்து வந்தது. உன் மாத்திரை வகையையே சேர்ந்த செர்ட்ராலின் 50 மில்லிகிராம், பதினான்கு மாதம் சாப்பிட்டுவிட்டு நானாக நிறுத்தியிருந்தேன். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நேரம். இங்கே திருநெல்வேலியில் பாளையிலிருந்து டவுனுக்குப் போகிற பஸ் ஈரடுக்கு மேம்பாலத்தில் நெரிசலில் நின்றது. முன்னாலும் போக முடியாது, இறங்கவும் முடியாது. அன்றைக்கு வந்த படபடப்பை யாரிடமும் சொல்லாமல் ஆறு வாரம் மறைத்தேன். வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்தேன். இரண்டு தடவை ஈசிஜி எடுத்தேன், இரண்டும் நார்மல். தினமும் பாலத்துக்கு முன்னால் ஜங்ஷனிலேயே இறங்கி, வெயிலில் டவுனுக்கு நடந்தேன். அந்த ஆறு வாரத்தில் என்னை வதைத்தது படபடப்பை விட இன்னொன்று. பதினான்கு மாதம் வீணாப்போச்சு, இனிமேல் நான் இப்படித்தான் என்கிற நினைப்பு. நேற்று நீயும் அதையேதான் சொன்னாய், "எல்லாம் வேஸ்ட்டுக்கா" என்று.

வேஸ்ட் இல்லை. இந்த மாதிரி மருந்தால் பதட்ட நோய் குணமானவர்களில் நிறுத்தியவர்களையும் தொடர்ந்தவர்களையும் ஒப்பிட்ட 28 ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். ஒரு வருடத்துக்குள், மருந்தை நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 36 பேருக்குத் திரும்பி வந்தது. தொடர்ந்தவர்களில் 16 பேருக்கு. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் வந்திருக்கிறது, பார். நிறுத்தியவர்களில் மூன்றில் ஒருவருக்குமேல் நடப்பது உனக்கும் நடந்திருக்கிறது. உன் மனசு பலவீனம் என்று இதற்குப் பெயர் இல்லை. குணமானதும் உடனே நிறுத்தாமல் குறைந்தது ஒரு வருடமாவது தொடரச் சொல்வதற்குக் காரணமும் இதுதான். உன் எட்டு மாதம் கொஞ்சம் அவசரம்.

அடுத்த தடவை நிறுத்தும்போது (அப்படி ஒரு நாள் வரும்) படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது, எனக்கு யாரும் முதலில் சொல்லவில்லை. 10-லிருந்து 5-க்கு வருவதும் 5-லிருந்து ஒன்றுமில்லாமல் போவதும் ஒரே அளவு இறக்கம் என்று நாம் நினைக்கிறோம். மூளைக்கு அப்படி இல்லை. சின்ன டோஸே பெரும்பாலான வேலையைச் செய்துவிடுகிறது. அதனால் மேலே குறைக்கும்போது அதிகம் தெரியாது, கடைசித் துண்டை விடும்போதுதான் தூக்கிப் போடும். மேல்படிகள் சாண் உயரமும் கடைசிப் படி ஆள் உயரமும் உள்ள படித்துறை மாதிரி. மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் 2019-ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் இதை விளக்கி, கீழே வர வர இன்னும் சின்னச் சின்னதாகக் குறைக்க வேண்டும் என்று எழுதினார்கள். இரண்டாவது தடவை நான் ஏழு மாதம் எடுத்துக்கொண்டு இறங்கினேன், டாக்டர் சொல்படி. ஒரு தடவை தடுமாறி, பழைய படிக்கே ஏறி ஒரு மாதம் நின்றேன். அதில் எனக்கு ஒரு அவமானமும் இல்லை.

உன்னிடம் கோபப்பட ஒன்று இருக்கிறது. ரூமில் கூட இருக்கும் பையன் "இதைப் போட்டுக்கோ, சரியாயிடும்" என்று கொடுத்த குளோனசெபாம் என்கிற அமைதி மாத்திரையில் பாதி. சரியாகத்தான் செய்யும், அரை மணியில் மனசு பஞ்சாகிவிடும். அதுதான் ஆபத்து. எஸ்சிடலோப்ராமை உடம்பு பழகிக்கொள்ளும், ஆனால் இன்னும் வேண்டும் இன்னும் வேண்டும் என்று ஏங்க வைக்காது. குளோனசெபாம் வேறு சாதி மருந்து. சில வாரத்திலேயே அரை போதாமல் ஒன்று வேண்டியிருக்கும். நாள்பட்டுச் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று விட்டால் வலிப்பே வரலாம். டாக்டர் சில நாளைக்கென்று எழுதிக் கொடுத்தால் அது வேறு. அடுத்தவர் அட்டையிலிருந்து இனி ஒன்றும் வாங்காதே. பழைய எஸ்சிடலோப்ராம் அட்டை மிச்சம் இருக்கிறது என்று நீயாகவே திரும்ப ஆரம்பிக்கவும் வேண்டாம். சனிக்கிழமை டாக்டரைப் பார்க்கும் வரைக்கும் பொறு. தைராய்டு டெஸ்ட்டும் ஒன்று எடுத்துவிடு, சில நேரம் அதுவும் இதே வேஷத்தில் வரும்.

மெட்ரோவை விட்டுவிட்டு இப்போது பைக்கில் போகிறேன் என்றாய். இங்கேதான் நான் ஆறு வாரம் தொலைத்தேன், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஜங்ஷனில் இறங்கிய ஒவ்வொரு நாளும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவைத் தின்றுதான் பயம் வளர்ந்தது. 'பாலத்தில் போகாததால் பிழைத்தாய்' என்று மூளை எழுதி வைத்துக்கொண்டது. அடுத்து பஸ்ஸே வேண்டாம் என்றது, அதற்கடுத்து கோயில் கூட்டம், கல்யாண மண்டபம். கவுன்சலிங்கில் என்னைத் திரும்ப அந்தப் பாலத்தில்தான் ஏற்றினார்கள். முதலில் கூட்டமில்லாத மதிய பஸ்ஸில், என்னவருடன். பிறகு தனியாக. நெஞ்சு அடித்துக்கொண்டது. ஓடாமல், தண்ணீர் பாட்டிலைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். ஏறிய படபடப்பு தானாகவே ஒரு இடத்தில் நின்று, தானாகவே இறங்கியது. அதை உடம்பால் பார்க்க வேண்டும் தம்பி, நான் சொல்லிப் புரியாது. எட்டாவது ஒன்பதாவது தடவை பாலம் தாண்டியதை மறந்து மஞ்சள் வாங்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சித்தியிடம் நான் பேசுகிறேன். அவர்கள் பயம் பொய்யில்லை, நம் ஊர்ப் பேச்சு அப்படி. ஆனால் உன் மாத்திரையைத் தெரிந்ததும் எழுந்து போகிற வீடு, நாளைக்கு உனக்கு ஒரு காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருக்குமா? நான் கல்யாணத்துக்கு முன்னால் சொன்னேன். "சர்க்கரை மாத்திரை மாதிரிதானே?" என்றார் அவர். அந்த ஒரு கேள்வியை நம்பித்தான் இத்தனை வருடம் ஓடியிருக்கிறது.

ராத்திரியில் இருட்டு ரொம்பவே அதிகமாகி, இருந்தென்ன என்கிற மாதிரி நினைப்பு வந்தால் என்னைக் கூப்பிடு. நான் எடுக்காவிட்டால் 14416. டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழில் பேசலாம். அந்த எண்ணை இப்போதே போனில் போட்டுக்கொள்.

வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். சனிக்கிழமை காலையில் எழும்பூருக்கு வா, பைக் வேண்டாம், யாரையாவது கொண்டுவந்து விடச் சொல். அங்கிருந்து மெட்ரோவில் போய் சென்ட்ரலில் மாறி, சேர்ந்தே கிண்டி வரைக்கும் போகலாம். நடுவில் இறங்க வேண்டும் என்றால் இறங்குவோம். பிளாட்பாரத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறுவோம். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் பதினொன்றரைக்குத்தான், நேரம் நிறைய இருக்கிறது. உனக்கு அல்வா எடுத்து வைத்துவிட்டேன்.

அன்புடன்,
அக்கா