தொப்பூர் இறக்கமும் விடியற்காலைத் தூக்கமும்
அண்ணன் தம்பிகளுக்கு வணக்கம். பெங்களூரில் லாரியில் லோடு ஏற்றி, தருமபுரி தாண்டி சேலம் பக்கம் வருகிறவர்கள் கொஞ்சம் படியுங்கள்.

தொப்பூர் இறக்கத்தில் தயவுசெய்து நியூட்ரலில் விடாதீர்கள். மிச்சமாவது டீ காசுக்கான டீசல்தான். கியர் இல்லாவிட்டால் எஞ்சின் வண்டியைப் பிடிக்காது, புகைக் குழாயை அடைத்து எஞ்சின் மூலமாகவே வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக்கும் உதவாது. மொத்தச் சுமையும் பிரேக் டிரம்மில் விழும். டிரம்மில் உரசுகிற லைனர் சூடேறிக் கருகல் வாடை வந்தபிறகு பெடலை எவ்வளவு மிதித்தாலும் பிடிப்பு கிடைக்காது. ஏறுகிற கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சும்மா சொல்லவில்லை.

அப்புறம் தூக்கம். விடியற்காலை 2 மணியிலிருந்து 5 மணி வரை கண் தானாகச் சொருகும். டீயும் பாட்டும் ரொம்ப நேரம் தாங்காது. 1961-ம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே நாளுக்கு 8 மணி நேரம்தான் வேலை என்று இருந்தது. 5 மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் ஓட்டக்கூடாது, அரை மணியாவது விட வேண்டும் என்றும் அதில் இருந்தது. நம் லைனில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், தெரியும். ஆனால் "6 மணிக்குள்ள வந்து சேரு" என்று போனில் விரட்டுகிற ஓனர்களும் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

கண் அசந்தால் பங்க்குக்குள் விட்டுத் தூங்குங்கள். ரோட்டோரம் லைட் இல்லாமல் நிறுத்த வேண்டாம், பின்னால் வருகிறவனும் தூக்கத்தில்தான் வருவான்.