28-க்கு 0 என்று தோற்ற பிட்சர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் விளையாட்டுப் பயிற்சியாளர்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பெரிய ஆட்டக்காரர்கள் நல்ல கோச் ஆவதில்லை, அவர்களுக்கு எல்லாம் தானாக வந்துவிடுவதால் வராதவர்களுக்குச் சொல்லித்தரத் தெரியாது என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். பல பேருக்குப் பொருந்தும்தான். ஆனால் படிக்கப் படிக்க எனக்கு அமெரிக்க சாஃப்ட்பால் வீராங்கனை லீசா ஃபெர்னாண்டஸ் ஞாபகமாகவே இருந்தது.

நான் இருப்பது கலிபோர்னியாவில், டோரன்ஸ் நகரில். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். என் பெண் பேஸ்பாலைப் போன்ற சாஃப்ட்பாலில் பிட்சிங், அதாவது பந்துவீச்சு, கற்றுக்கொள்ள ஆரம்பித்த நாளிலிருந்து, சாயங்காலமானால் கவிழ்த்துப்போட்ட வாளியில் உட்கார்ந்து அவள் வீசுவதைப் பிடிப்பது என் வேலை. இங்கே பிட்சர்களுடைய அப்பாக்கள் வாளியும் கையுமாகத்தான் திரிகிறோம். தமிழில் மென்பந்து என்கிறார்கள். பெயரில்தான் மென்மை. கையை முழு வட்டமாகச் சுற்றி, இடுப்புக்குக் கீழே மணிக்கட்டைச் சொடுக்கி விடுகிற பந்து அது. கிரிக்கெட் பிட்ச் 66 அடி. இங்கே கல்லூரி ஆட்டத்தில் பிட்சருக்கும் பேட்டருக்கும் நடுவே 43 அடிதான். என் பெண் வீசுவதே தப்பிப் பட்டு, இரண்டு வாரமாக முழங்கால் கன்றிப்போய்க் கிடக்கிறது.

லீசா பக்கத்து ஊர்க்காரர், லாங் பீச் பகுதியில் வளர்ந்தவர். அப்பா கியூபாவில் பேஸ்பால் ஆடியவர், அம்மா போர்ட்டோ ரீக்கோவைச் சேர்ந்தவர். எட்டு வயதில் முதல் மேட்ச். பந்து பேட்டர்கள் மேலெல்லாம் பட்டு, 28-க்கு 0 என்று தோற்றாராம். பன்னிரண்டு வயதில் ஒரு பிட்சிங் கோச், உன் உடல்வாகுக்கு இது சரிப்படாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். தானாக வந்த வித்தை என்று இதைச் சொல்ல முடியுமா?

அப்புறம் 1990 முதல் 1993 வரை லாஸ் ஏஞ்சலஸில் உள்ள யூசிஎல்ஏ கல்லூரிக்கு ஆடினார். 93 வெற்றி, 7 தோல்வி. 1990லும் 1992லும் தேசிய சாம்பியன். கடைசி வருடம் வீச்சில் மட்டுமல்ல, பேட்டிங் சராசரியிலும் நாட்டிலேயே முதலிடம். பிறகு அட்லாண்டா, சிட்னி, ஏதென்ஸ் என்று மூன்று ஒலிம்பிக் தங்கம்.

தங்கத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு தோல்விகள். 1996 ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவோடு ஆட்டம். அடிக்க வந்தவர்களை வரிசையாக 29 முறை அவுட்டாக்கிவிட்டார். இரு அணியும் ஒரு முறை அடித்தாடுகிற சுற்றுதான் இங்கே இன்னிங்ஸ். பத்தாவது இன்னிங்ஸ், ஜெயிக்க இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் போதும் (பேட்டர் அடிக்காமல் தவறவிடுகிற நல்ல பந்து; மூன்று ஆனால் அவுட்). அடுத்த பந்தை ஜோவான் பிரவுன் வேலிக்கு அப்பால் அடித்தார், ஹோம் ரன். 2-1, அமெரிக்கா தோற்றது. நான்கு வருடம் கழித்து சிட்னியில் அதே ஆஸ்திரேலியா. 25 முறை ஸ்ட்ரைக் அவுட் செய்தும், பதின்மூன்றாவது இன்னிங்ஸில் ஒரு ஹோம் ரன், மறுபடியும் அதே 2-1. அந்த இரண்டு ஒலிம்பிக்கிலும் இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவுக்காகக் கடைசியாகப் பந்து வீசியது இவர்தான்.

இப்போது, தான் படித்த கல்லூரியிலேயே பல வருடங்களாகப் பயிற்சி தருகிறார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தலைமைக் கோச் கெல்லி இனோயே-பெரெஸ், அந்த நாளில் இவர் வீசிய பந்தைப் பிடித்த கேட்சர். லீசா அவருக்குக் கீழேதான் வேலை பார்க்கிறார். நம் ஊரில் மூன்று தங்கம் வாங்கியவர் இதற்குச் சம்மதிப்பாரா? கேட்சர் விரலால் காட்டுகிற பந்தைப் போட்டே பழகியவருக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றவில்லையோ என்னவோ.

2019இல் அந்தக் கல்லூரி அணி தேசியக் கோப்பையை வென்றது. அரையிறுதியில் வாஷிங்டன் அணிக்கு எதிராக ரேச்சல் கார்சியா பத்து இன்னிங்ஸில் 179 பந்து வீசி, ஆட்டத்தை முடித்த ஹோம் ரன்னையும் தானே அடித்தார். வீச்சும் பேட்டும் ஒரே ஆளிடம். யார் வளர்ப்பு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

போன சனிக்கிழமை என் பெண்ணும் கடைசி இன்னிங்ஸில் ஹோம் ரன் கொடுத்துத் தோற்றாள். காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் 1996 கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, அவங்க அடுத்த மேட்ச்ல முதல் பந்தா என்னப்பா போட்டாங்க?" என்றாள். வாளியில் உட்காருகிறவனுக்கு அது எங்கே தெரியும்!

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
டோரன்ஸ், கலிபோர்னியா