அது ‘டிரிங்கோமாலி’ அல்ல, திருகோணமலை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் வந்த பாய்மரப் போர்க்கப்பல்கள் பற்றிய கட்டுரையை இருமுறை படித்தேன். இன்றும் மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் மூத்தது கடற்படைத் தளபதி நெல்சனின் ‘விக்டரி’ என்று அதில் அச்சாகியிருக்கிறது. விக்டரி வயதில் மூத்ததுதான். ஆனால் 1922 முதல் அது போர்ட்ஸ்மத்தில் உலர்துறையில், அதாவது தண்ணீர் வடித்த துறையில் அல்லவா நிற்கிறது? தண்ணீரில் இருப்பவற்றுள் மூத்தது, வடகிழக்கு இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இருக்கும் கப்பல். கட்டுரையாளர் அதை ‘டிரிங்கோமாலி’ என்று ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டார். அது நம் திருகோணமலை, ஐயா. அந்தத் துறைமுகத்துக்கு அப்பால் 1782 இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய கடற்போரின் நினைவாக இட்ட பெயர்.

என் தந்தை ஓடாவி. மரக்கலம் கட்டுபவர் வீட்டில் வளர்ந்தவனாதலால், ஹார்ட்டில்பூல் சென்றபோது பீரங்கிகளைவிட மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ்த்தளத்தில் குனிந்து நடந்து, ஒரு சட்டத்தில் கை வைத்தேன். தேக்கு. நெப்போலியப் போர்களால் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பம்பாயில் வாடியா குடும்பத்துப் பார்சித் தச்சர்கள் கட்டிக்கொடுத்த கப்பல் அது. கப்பலின் முதுகெலும்பு போன்ற அடிக்கட்டையான ஏராக்கட்டையில் சடங்காக வெள்ளி ஆணி அறைவது அவர்கள் மரபு. ஓக்கின் துவர்ப்பு இரும்பு ஆணியை அரித்துவிடும். தேக்கின் எண்ணெய்ப்பசை அதைக் காக்கும். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அதன் பெரும்பகுதி பழைய மரமாகவே இருக்கிறது.

அதன் வரைபடங்களைக் கொண்டுவந்த ‘ஜாவா’ கப்பல் 1812 இறுதியில் அமெரிக்கரிடம் வீழ்ந்ததால், மறுபடியும் வரைந்து அனுப்ப வேண்டியிருந்தது. 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறங்கியபோது போரே முடிந்துவிட்டது. போர்ட்ஸ்மத் போகும் வழியில் 1819 ஜனவரியில் செயின்ட் ஹெலினா தீவில் தங்கியது. எந்த நெப்போலியனை எதிர்க்கக் கட்டச் சொன்னார்களோ, அவர் அப்போது அங்கே கைதி! பிறகு 1845 வரை கப்பலுக்கு வேலையே இல்லை. அதன்பின் பீரங்கிகளைக் குறைத்து, வட அமெரிக்கக் கரைக்கும் பசிபிக்குக்கும் அனுப்பினார்கள்.

1897 இல் அதை உடைப்பதற்கு விற்றுவிட்டார்கள். அதே ஆண்டு, நெல்சனின் பழைய கப்பலான ‘ஃபூத்ராயன்’ பிளாக்பூல் கரையில் புயலில் சிதைந்தது. அதன் உரிமையாளர் வீட்லி காப் திருகோணமலையை வாங்கி, இழந்த கப்பலின் பெயரையே இதற்குச் சூட்டினார். 1986 வரை இளைஞர்கள் அதில் பயிற்சி பெற்றார்கள். யாரும் அதைத் திருகோணமலை என்று அழைக்கவில்லை. ஹார்ட்டில்பூலில் பழுதுபார்க்கத் தொடங்கிய பிறகு, 1992 இல்தான் பழைய பெயர் திரும்பியது.

ஆங்கிலேயரே மீட்டுக் கொடுத்த அந்தப் பெயரை, தமிழில் அச்சிடும் நாம் அவர்களின் உச்சரிப்பில் ஏன் எழுத வேண்டும்? வரும் ஞாயிறு திருத்தம் வெளியிடும்போது, மிதப்பது எந்தக் கப்பல் என்பதோடு அதன் பெயரைத் திருகோணமலை என்றே குறிப்பிட வேண்டுகிறேன். தலைமைத் தச்சர் ஜம்சேட்ஜி போமன்ஜி வாடியாவின் பெயருக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்