169.254 என்று எண் வந்தால் சிபியுவைத் தூக்கி வர வேண்டாம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"நெட் வரவில்லை, விண்டோஸை ஃபார்மட் அடித்துக் கொடுங்கள்" என்று சிபியுவோடு கடைக்கு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். இங்கே ஒயரை மாட்டினால் உடனே நெட் வருகிறது. ஆட்டோ செலவுதான் மிச்சம்.

கிளம்பும் முன் ஒன்று பாருங்கள். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் ஈதர்நெட்டையோ (ஒயர் இணைப்பு) வைஃபையையோ திறந்தால் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் உங்கள் கணினியை அடையாளம் காட்டும் எண், தெரியும். வழக்கமாக அது 192.168 என்று தொடங்கும். 169.254 என்று தொடங்கினால், பெரும்பாலும் கோளாறு கணினிக்கு வெளியே இருக்கிறது.

ரவுட்டருக்குள் டிஎச்சிபி என்று ஒரு வசதி உண்டு. கணினி, போன், பில் பிரிண்டர் எல்லாவற்றுக்கும் முகவரி கொடுப்பது அதன் வேலை. கணினி கேட்டும் பதில் வராவிட்டால், 169.254 வரிசையில் தானே ஒரு முகவரியை எடுத்துக்கொள்ளும். அதற்கு முன், வேறு யாராவது அதே முகவரியை வைத்திருக்கிறார்களா என்று லைனில் கேட்டும் பார்த்துவிடும். விண்டோஸ் 98 காலத்து ஏற்பாடு இது. 2005-ல் ஆர்எஃப்சி 3927 என்ற பொது விதியாகவும் வந்தது. இந்த முகவரியோடு வருவதை ரவுட்டர் வெளியே அனுப்பக் கூடாது என்பதும் அந்த விதியில் உண்டு. அதனால்தான் நெட் கிடையாது. ஒரே ஸ்விட்சில் (நெட் ஒயர்களைச் சேர்க்கும் பெட்டி) இருக்கும் இரண்டு கணினிகளுக்கும் 169.254 வந்திருந்தால் அவை தங்களுக்குள் ஃபைல் பரிமாறிக்கொள்ளும். டேலி கணக்கு சாஃப்ட்வேர் இருக்கும் கணினிக்கு 192.168-ல் நிலையான முகவரி போட்டிருந்தால் மட்டும் மற்றவை அதைக் காணாமல் விழிக்கும்.

சரி, என்ன செய்வது? ஒரே கணினியில் மட்டும் இப்படி என்றால் அதன் பின்னால் ஒயர் செருகிய இடத்தில் குட்டி விளக்கு எரிகிறதா பாருங்கள். எரியாவிட்டால் ஒயரைக் கழற்றி, 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை செருகுங்கள். அந்த பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தால் ஒயர் நிற்காது, முனையை மாற்றியே ஆக வேண்டும். எல்லாக் கணினியிலும் இப்படி என்றால் ரவுட்டரை அணைத்து மீண்டும் போடுங்கள், ஸ்விட்சுக்குக் கரண்ட் வருகிறதா என்றும் பாருங்கள்.

ஹோட்டல் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. சாப்பிட வருகிறவர்களுக்கெல்லாம் வைஃபை பாஸ்வேர்டு கொடுத்தால் ஒவ்வொரு போனும் ஒரு முகவரியை எடுத்துக்கொள்ளும். ஆள் போன பிறகும் கெடு முடியும்வரை அது திரும்பி வராது. பல ரவுட்டர்களில் அந்தக் கெடு ஒரு நாள். கூட்டம் மிகுந்த மாலையில், பந்தியில் இலை தீர்ந்த மாதிரி முகவரி தீர்ந்து, உங்கள் பில்லிங் கணினிக்கே 169.254 வந்து நிற்கும். விருந்தினருக்குத் தனி வைஃபை பிரித்து, கெடுவையும் குறைத்தால் சரியாகிவிடும்.

யாரோ சொன்னார்கள் என்று முகவரியைக் கையால் டைப் செய்ய மட்டும் வேண்டாம். இன்னொரு கருவிக்கும் அதே எண் போயிருந்தால் இரண்டும் மாறி மாறி அறுந்துபோகும், கண்டுபிடிப்பதற்குள் எங்களுக்கே போதும் போதும் என்றாகிவிடும்.

இவ்வளவும் பார்த்தும் 169.254 போகவில்லையென்றால் அந்தத் திரையையும் ரவுட்டர் விளக்குகளையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வர வேண்டியிருந்தால் நாங்களே வருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கணினி சர்வீஸ் கடை