சுங்கை சிப்புட்டில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்களுக்கு

சுங்கை சிப்புட் மக்களுக்கும் சுற்றுவட்டாரத் தோட்டத்து உறவுகளுக்கும் வணக்கம்.

துணி துவைக்கும் டோபி கடையில் ஒன்று, செம்பனை ஆலையில் ஒன்று, கிளினிக் வாசலில் ஒன்று என, காசு போட்டால் பானமும் தின்பண்டமும் தரும் என்னுடைய மூன்று வெண்டிங் மெஷின்களும் இப்போது ஒழுங்காக ஓடுகின்றன. பார்க்கிறவர்கள், "எல்லாம் நீயாகவே கற்றுக்கொண்டாயா?" என்று கேட்கிறார்கள். இல்லை. இந்த ஊரில் ஆளுக்கொரு கைத்திறன் இருந்தது. கேட்டபோதெல்லாம் மறைக்காமல் சொல்லிக்கொடுத்தார்கள். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் பெயரில்லாமல் எழுதுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்பது ஊருக்குத் தெரியும்.

முதல் வணக்கம் ஐஸ்பெட்டியும் ஏர்கோனும் பழுது பார்க்கும் அண்ணனுக்கு. கையுறைத் தொழிற்சாலையில் இருந்து வந்தவள் நான். பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒரு வார்த்தை அவர் சொன்னதில்லை. ஸ்குரூ டிரைவரை என் கையில் கொடுத்து, "நீயே திற" என்றார். கம்ப்ரஸர் எங்கே, கண்டென்ஸர் எங்கே, எந்த விசிறி எதற்காகச் சுற்றுகிறது என்று தொட்டுக்காட்டினார். டோபி கடையில் துணி காயும்போது பறக்கும் பஞ்சுத்தூசி கண்டென்ஸர் தகடுகளில் படிந்து அடைத்துக்கொள்ளும். அடைத்தால் சூடு வெளியேறாது; கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும்; டின் குளிராது, கரண்டு பில் மட்டும் ஏறும். அதனால் அந்த மெஷினுக்கு மற்ற இரண்டையும்விட அடிக்கடி பிரஷ் போட வேண்டும். சுவரோடு ஒட்டி வைக்காமல் பின்னால் காற்றோட்டத்துக்கு இடம் விட வேண்டும். லோரியில் சாய்த்துக் கொண்டுவந்த மெஷினை நிமிர்த்தியதும் சுவிட்சு போடக்கூடாது. கம்ப்ரஸர் எண்ணெய் கீழே இறங்கச் சில மணிநேரம் விட வேண்டும். ஈரத்தரை உள்ள இடத்தில் எக்ஸ்டென்ஷன் வயர் கூடவே கூடாது, தனி பிளக் வேண்டும், மின்கசிவை வெட்டும் பிரேக்கர் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். மெஷின் கனமானது, யாராவது உலுக்கினால் ஆள்மேல் சாய்ந்துவிடும். சுவரோடு போல்ட் போட்டுக்கொடுத்ததும் இந்த அண்ணன்தான். அதற்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

அடுத்தவர் ஈப்போவில் பழைய மெஷின்களைப் பிரித்துப் பூட்டும் சீன அங்கிள். மெஷினை விற்றதோடு அவர் வேலை முடிந்திருக்கலாம். தன் பட்டறையில் என்னை உட்காரவைத்து, பாதி மலாயிலும் பாதி சைகையிலும் பாடம் நடத்தினார். பொருளைத் தள்ளும் சுருள் கம்பி ஒருமுறை சுற்றினால் ஒரு பொருள் விழ வேண்டும். கம்பியின் இடைவெளிக்கும் பாக்கெட்டின் தடிமனுக்கும் பொருத்தம் இல்லையென்றால் பாக்கெட் திரும்பிச் சிக்கிக்கொள்ளும். விழும் இடத்தில் உள்ள சென்சார் துடைத்துச் சுத்தமாக இருந்தால்தான், பொருள் விழாதபோது அது வாடிக்கையாளரின் காசைக் காப்பாற்றும்.

காசு பற்றி அவர் சொன்னதை விரிவாகவே எழுத வேண்டும், இதில்தான் நான் அதிகம் கற்றேன். நாணயத்தின் அளவையும் தடிமனையும் உலோகத்தையும் வைத்துத்தான் மெஷின் அதை அடையாளம் காண்கிறது. 2012-இல் மலேசியாவில் வந்த மூன்றாம் வரிசை நாணயங்கள் பழையவற்றிலிருந்து அளவிலும் உலோகத்திலும் மாறியவை. பழசும் இன்னும் செல்லும் என்பதால் இரண்டையும் ஏற்கும்படி மெஷினை அமைக்க வேண்டும். விலையை 2 வெள்ளி (ரிங்கிட்) 30 காசு என்று வைத்தால் மீதிக்கு 20 காசும் 50 காசும் கரைந்துகொண்டே இருக்கும். 2 வெள்ளி 50 காசு என்று வைத்தால் 50 காசு நாணயத்தை வைத்தே சமாளிக்கலாம். வியர்வையில் நனைந்த நோட்டு உள்ளே போகாமல் திரும்பி வந்தால் நோட்டைக் குறை சொல்லாதே, உள்ளே இருக்கும் கண்ணாடியைத் துடை என்பார். ஆலை மெஷினில் இது எத்தனையோ முறை உதவியிருக்கிறது. அங்கிள், தெரிமா காசே (மலாயில் நன்றி).

பாசார் பக்கத்து மளிகைக்கடை அக்கா சரக்கு வாங்கக் கற்றுக்கொடுத்தார். எந்தப் பெட்டி முதலில் வந்ததோ அது முன்னால் நிற்க வேண்டும். காலாவதித் தேதியையும் ஜாக்கிம் என்ற அரசாங்க இஸ்லாமியத் துறையின் ஹலால் முத்திரையையும் பார்க்காமல் எதையும் எடுக்கக்கூடாது. சம்பள வாரத்தில் ஓடும் சரக்கு மாதக் கடைசியில் ஓடாது. ஆலையில் இரவு ஷிப்ட் ஆட்கள் 100 பிளஸ் பானமும் ரொட்டியும் கேட்பார்கள், டோபியில் காத்திருக்கும் பிள்ளைகள் மைலோவும் முறுக்கும் கேட்பார்கள். இதையெல்லாம் கடையில் நின்று ஆட்களைப் பார்த்தே தெரிந்துகொண்டவர் அவர்.

கிளினிக் மெஷினை மாற்றியமைத்தது அங்குள்ள தாதி, எங்கள் மிஸ்ஸி. தண்ணீரும் சர்க்கரை சேர்க்காத தேநீரும் கண் மட்டத்தில் இருக்கட்டும், இனிப்புப் பானங்கள் கீழ்த்தட்டுக்குப் போகட்டும் என்றார். 2019 தேசிய உடல்நல ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு. நம் இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். அதே ஆண்டு ஜூலையில் அரசாங்கம் இனிப்புப் பானங்களுக்குத் தனி வரியே போட்டது. எனக்கு லாபம் குறையுமோ என்று மிஸ்ஸி கவலைப்பட்டார். குறைந்தாலும் பரவாயில்லை; அந்த வாசலில் காத்திருப்பவர்களில் பாதிப்பேர் என் சொந்தபந்தம்.

அப்புறம், தோட்டத்துக் கணக்குப்பிள்ளையாக இருந்த எங்கள் கிராணி தாத்தா. தோட்டத்தில் ஆயுள் முழுக்க, ஆட்களின் வேலைநாள் பதிவேடான செக்ரோல் எழுதியவர். ஆட்கள் பெயர் இருக்கும் இடத்தில் மெஷினின் தட்டு எண்களைப் போட்டு, நாள் கட்டங்களில் விற்ற எண்ணிக்கையை எழுதும்படி ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுக்கொடுத்தார். மெஷின் காட்டும் விற்பனைக் கணக்கும் பெட்டியில் எண்ணிய காசும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத நாளில் காரணம் தெரியாமல் தூங்கப்போகாதே என்பார். இட வாடகை, கரண்டு, சரக்கு, பெட்ரோல் கழித்தபின் தேய்மானத்துக்கென்று ஒரு தொகையை ஒதுக்கிய பிறகுதான் மிச்சத்தை லாபம் என்று சொல்லவிடுவார். 1960-இல் ம.இ.கா. கட்சித் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட அந்தக் காலத்தில், ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டமே வாங்கினார்கள் என்று அவர் சொல்லும்போது குரலே மாறிவிடும். அவர் கையால் கோடு போட்ட அந்த நோட்டுதான், சிறுதொழிலுக்கு அரசாங்கம் தரும் தெக்குன் கடனுக்கு விண்ணப்பித்தபோது என்னோடு வந்தது.

எஸ்எஸ்எம் என்ற நிறுவன ஆணையத்தில் தொழிலைப் பதிய உதவியவர்களுக்கும், நகராண்மைக் கழக லைசென்ஸ் பாரங்களை வரிவரியாக விளக்கிய மலாய்க்கார அக்காவுக்கும் நன்றி. உங்கு ஒமார் பாலிடெக்னிக்கில் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி கியூஆர் கருவியைப் பொருத்தி, கைபேசியில் பணம் போய் மெஷினுக்குத் தகவல் வராமல் நின்றால் எங்கே பார்ப்பது என்று காட்டினான். ஆலைப் பக்கம் லைன் சரியில்லாததால் அங்கே நாணயமும் நோட்டும் கட்டாயம் இருக்கட்டும் என்றதும் அவன்தான். மெஷின் விளக்கு அணைந்தால் நடுராத்திரியிலும் எனக்குப் போன் போடும் நேப்பாளி காவலாளரையும், கனமான பெட்டிகளைக் காரில் ஏற்றித்தரும் என் வீட்டுக்காரரையும் மறக்க முடியாது.

மெஷின் வாங்கிப்போட்டால் காசு தானாக வரும் என்று விளம்பரம் செய்கிறார்கள். நம்ம ஊர்ப் பெண்கள் அதை நம்பிச் சேமிப்பைக் கொட்டிவிடக்கூடாது என்பது என் ஆசை. துடைப்பது, எண்ணுவது, நிரப்புவது, காசு மாட்டியவருக்கு அன்றைக்கே திருப்பிக் கொடுப்பது என்று வாரம் முழுக்க வேலை உண்டு. கற்றுக்கொண்டால் நன்றாகச் செய்யலாம்.

ஞாயிறு காலை டோபி கடை மெஷினைத் திறந்துவைத்துச் சரக்கு நிரப்புவேன். பார்த்துப் பழக விரும்புகிறவர்கள் வாருங்கள், எனக்குச் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் சொல்லித்தருகிறேன். மெஷினில் உங்கள் காசு எப்போதாவது மாட்டிக்கொண்டால் கதவில் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு வாட்ஸ்அப் அனுப்புங்கள்.

அன்புடன்,
டோபி கடை வெண்டிங் மெஷின் அக்கா,
சுங்கை சிப்புட், பேராக்