உலை கிட்ல ஜிஐ பைப் அனுப்புனது பத்தி – மூணாவது மெயில்

வணக்கம் சார்/மேடம்,

இது மூணாவது மெயில். முதல் ரெண்டுக்கும் "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது"ன்னு வந்ததோட சரி, அப்புறம் ஒரு பேச்சையும் காணோம்.

இரும்ப காய்ச்சி அடிக்கிறதுக்கு உங்க கரி உலை கிட் ஒண்ண 6,850 ரூபா குடுத்து வாங்கினேன். அதுல பயர் பிரிக் (சூடு தாங்குற செங்கல்), காத்து ஊதுற பிளோவர், காத்து போற பைப், காத்த குறைக்கிற தகடு எல்லாம் வரணும். காத்து போற பைப் உங்க படத்துல எந்தப் பூச்சும் இல்லாத கருப்பு எம்எஸ் இரும்பு பைப்பு, எனக்கு வந்தது தண்ணி லைனுக்கு போடுற பளபளன்னு ஜிஐ பைப்பு, அதாவது துத்தநாகம் பூசின இரும்பு. நான் புதுசா கத்துக்கிறவன், கம்பெனிக்காரங்க தெரிஞ்சுதான அனுப்புவாங்கன்னு நம்பி மொட்டமாடில கரி போட்டு பிளோவர ஆன் பண்ணேன். கொஞ்ச நேரத்துல பைப் ஓட்டைய சுத்தி வெள்ள புகை, பஞ்சு மாதிரி வெள்ளையா படியுது, நாக்குல ஒரு மாதிரி இனிப்பு. ராத்திரி ஜுரம், ரெண்டு போர்வை போத்தியும் பல்லு கடகடன்னு அடிக்குது. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "வெல்டிங் வேலையா"ன்னு தான். ஜிஐ மேல இருக்குறது துத்தநாகம், 907 டிகிரில அது கொதிச்சு புகையா வந்துடும், அந்தப் புகைய இழுத்ததுல தான் இந்த ஜுரம், இரும்ப அடிக்கிற பதத்துக்கு காய்ச்சணும்னா அதுக்கும் மேல சூடு போகணும். உலை விக்கிறவங்களுக்கு இது தெரியாதா?

கஸ்டமர் கேர்ல ஒருத்தர் பேசினாரு, பேரு சொல்லல. "யூடியூப் பாத்து கொல்லன் ஆகணும்னு வர்றவங்களுக்கெல்லாம் பதில் சொல்ல முடியாது"ன்னுட்டு போன கட் பண்ணிட்டாரு. எங்க தாத்தா காசிமேட்டுல படகுக்கு நங்கூரம் அடிச்சவருங்க, சின்ன வயசுல அவருக்கு துருத்தி இழுத்து விட்டவன் நான். அவரு சுத்தியல் இன்னும் வீட்ல இருக்கு. இந்த வருஷம் திதிக்குள்ள ஒரு கொக்கியாவது அடிச்சு அவரு படத்துக்கு முன்னாடி வைக்கணும்னு தான் இத வாங்கினதே, திதியும் போயிடுச்சு. கஸ்டமர் கேர்ல சொன்ன அந்த வார்த்தைய என்னால மறக்க முடியல.

அந்த போனுக்கு முன்னாடி கிண்டில உங்க இடத்துக்கு வரச்சொன்னீங்களே. பயர் பிரிக்கோட மொத்த பெட்டியும் வேணும்னீங்க, பதினெட்டு கிலோ, தண்டையார்பேட்டைல மெட்ரோ ஏறி தோள்ல தூக்கிட்டு வந்தா வாசல்லயே நிக்க வச்சு "பைப்புக்கு வாரண்டி இல்ல"ன்னு திருப்பி அனுப்புறீங்க. இத போன்லயே சொல்லிருக்கலாம்ல? ஒரு நாள் சம்பளம் போச்சு, ஜுரத்துல நாலு நாள் போச்சு. பிளோவர்ல காத்த குறைக்கிற தகடும் வரல, அது இல்லாம கரி மடமடன்னு எரிஞ்சு தீருது, பொறி பக்கத்து மாடி வரைக்கும் பறக்குது.

தயவு செஞ்சு முழுப் பணத்தையும் திருப்பிக் குடுங்க, பெட்டிய உங்க ஆளே வந்து எடுத்துக்கட்டும். ஏழு நாள் பாப்பேன். இல்லன்னா 1915ங்கிற நுகர்வோர் உதவி நம்பருக்கு போன் பண்ணி புகார் குடுத்துட்டு நேரா வடசென்னை நுகர்வோர் ஆணையத்துக்கு போவேன், அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸ் கூட கிடையாது, வக்கீலும் எனக்கு வேணாம். கோவத்துல ஏதாவது தப்பா எழுதிருந்தா மன்னிச்சுக்கோங்க.

பணத்த விட முக்கியம் ஒண்ணு இருக்கு. நான் திறந்த மாடில மூட்டினேன், தப்பிச்சேன். இதே மாதிரி கிட் வாங்கினவங்க யாராவது ரூமுக்குள்ள கதவ சாத்திட்டு மூட்டினா என்ன ஆகும்? எத்தன பேருக்கு ஜிஐ பைப் போச்சுன்னு பில்லுல இருக்கும், இன்னிக்கே ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு பத்த வைக்காதீங்கன்னு சொல்லுங்க.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை வாடிக்கையாளர்
(பில், பைப் போட்டோ, டாக்டர் சீட்டு இணைச்சிருக்கேன்)